13 வயதில் ஒரு சிற்றன்னை: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் திரைத்துறையைச் சேர்ந்தவள் அல்லள். சென்னை சாலிகிராமத்தில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அந்தப் பகுதியில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் படப்பிடிப்பு என்பது பத்திரிகையில் வாசித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியன்று. வருகைப் பதிவேட்டில் அன்றாடம் எதிர்ப்படும் ஒன்று. முந்தைய இரவின் ஒப்பனை காதோரத்தில் முழுவதும் கழுவப்படாமல் முதல் பாடவேளைக்கு வந்து அமரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவர்களுள் சிலர் உண்மையிலேயே வரம் பெற்றவர்கள். ஒரு பக்க வசனத்தை ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்ற இறக்கம் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிடுவார்கள்; ஆனால், பத்துக் குறளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க அதே பிள்ளைகளுக்கு நேரம் வாய்த்ததில்லை.

அந்தப் பிள்ளைகளை முன்னிட்டே இம்மடலை எழுதுகிறேன். அவர்களுள் யாருடைய பெயரையும் பொதுவெளியில் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆகவே, தமிழறிந்த அனைவரும் அறிந்த ஒருவருடைய தொடக்க காலத்தைக் கொண்டு என் வேண்டுகோளை விளக்க முயல்கிறேன்.

சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் 1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்த ஸ்ரீதேவி, 1967இல் ஏ.பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’யில் பாலமுருகனாகத் திரைக்கு வந்தார். நான்கு வயதுகூட நிறையாத பருவம். சின்னப்பா தேவரின் தயாரிப்பில் எம்.ஏ. திருமுகம் இயக்கிய ‘துணைவன்’ 1969இல் வெளிவந்தபோது மீண்டும் முருகன் வேடம். அதே ஆண்டில் எம்.ஜி.ஆரின் ‘நம் நாடு’, 1971இல் ‘பாபு’. கைரிக்‌ஷா இழுக்கும் பாபுவாகச் சிவாஜி கணேசன் நடித்த அப்படத்தில், அவர் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளும் சிறுமி அம்முவாக நடித்தவர் பேபி ஸ்ரீதேவிதான். அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘பூம்பாட்டா’ என்னும் மலையாளப் படத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசின் விருதைப் பெற்றார். தாய்மொழியல்லாத ஒரு மொழியில் நடித்து, எட்டு வயதில் பெற்ற விருது அது.

அன்றைய குழந்தை நட்சத்திரங்களிடம் நம் வசனகர்த்தாக்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் பேச வேண்டிய தத்துவத்தைக் கீச்சுக்குரலில் பேசிக் கைதட்டல் வாங்குவதே அவர்களுடைய வேலையாக இருந்தது. எழுதிக் கொடுத்ததைக் கற்றுக்கொண்டு ஒப்பிக்கும் திறமை அது. பள்ளி ஆண்டுவிழாவிலும் அதைக் காணலாம். பேபி ஸ்ரீதேவியிடம் இருந்தது வேறு. எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிறுமி வெறுமனே தன் முறைக்காகக் காத்து நிற்பதில்லை, கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்பது நமக்குக் கண்களில் தெரியும். நடிப்பில் மிகக் கடினமான பகுதி வாய் திறவாமல் இருக்கும் நேரம்தான் என்பதைப் பல்லாண்டு நடித்தவர்களே தாமதமாகத்தான் உணர்கிறார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுத்து எட்டு வயதுக் குழந்தைக்கு வரவழைத்துவிட முடியாது. அது பிறவிக் கொடை என்றுதான் நானும் நம்புகிறேன்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், இம்மடலைத் திறமைக்கு எதிரான முறையீடாகவோ சினிமாவையே பழிக்கும் ஒன்றாகவோ நீங்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகத்தான். என் கவலை அந்தக் குழந்தை நடித்த காலத்தைப் பற்றியதன்று. அவள் குழந்தை அல்லள் என்று திரையுலகம் முடிவுசெய்த நாளைப் பற்றியது.

பெயருக்கு முன்னால் போடப்படும் ‘பேபி’ என்ற அடைமொழி எப்போது நீங்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. யாரோ ஒரு நாள் சேலை கட்டிவரச் சொல்கிறார்கள். அன்றோடு அது உதிர்ந்துவிடுகிறது. 1975இல் வெளியான ‘ஜூலி’ என்னும் இந்திப் படத்தில் கதாநாயகி லட்சுமிக்குத் தங்கையாக, பார்த்தவுடன் சிறுமி என்று தெரியும் தோற்றத்தில் ஸ்ரீதேவி வந்தார். அடுத்த ஆண்டு, 1976 அக்டோபரில், கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தது. அதில் அவர் கதாநாயகி. உடன் நடித்த கமல்ஹாசனுக்கு வயது 21, ரஜினிகாந்துக்கு 25. ஸ்ரீதேவிக்கு 13 வயது முடிந்து இரண்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காதலனை நீரில் பறிகொடுக்கிறாள் செல்வி. அவன் மூழ்கும்போது கைகொடுக்காமல் இருந்த நண்பனே பின்னர் அவளைத் தொடர்கிறான். மனைவியை இழந்த ஒரு முதியவரை அவள் மணந்துகொண்டு, அந்த நண்பனுக்கே சிற்றன்னையாகிவிடுகிறாள். 25 வயது ஆடவரை ஒரு பார்வையால் அடக்கும் சிற்றன்னையாக 13 வயதுச் சிறுமி நடித்தார், நாம் நம்பினோம். இன்றைக்கு அப்படத்தைப் பார்த்தாலும் நம்பிவிடுவோம். அதுதான் அந்த நடிப்பின் பெருமை. ஆனால், அதே பெருமை நம் கண்ணை மறைக்கவும் செய்தது. அந்த ஆண்டில் பெண்ணின் சட்டபூர்வமான திருமண வயது 15. அதை 18 ஆக உயர்த்தும் திருத்தம் 1978இல்தான் வந்தது. ஆக, அன்று நடைமுறையிலிருந்த அந்தக் குறைந்த வயதைக்கூட எட்டாத ஒருவரைத்தான் முதியவர் ஒருவரின் மனைவியாகத் திரையில் கண்டோம். பாத்திரத்தின் வயதை மட்டுமே கண்டோம், நடித்தவரின் வயதை எண்ணிப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. படத்தின் தலைப்பே வயதைச் சொல்கிறது. நாயகி மயிலுக்கு 16 என்றது கதை. படம் திரையரங்குக்கு வந்தபோது ஸ்ரீதேவிக்கு 14 முடிந்து ஒரு மாதம். தொடர்ந்து ‘சிகப்பு ரோஜாக்கள்’. மயில் பாத்திரத்தையே தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி நடித்த படங்கள். ‘வறுமையின் நிறம் சிவப்பு’. இவை யாவும் 18 நிறைவதற்கு முன்பே. 1981 ஆகஸ்டில் சட்டப்படி வயது வந்தவரான பின் ஆறே மாதத்தில் ‘மூன்றாம் பிறை’ வெளியாயிற்று. விபத்தொன்றில் நினைவு தப்பிச் சிறுமியின் மனநிலைக்குத் திரும்பிவிட்ட பெண்ணாக அதில் நடித்தார். தமிழக அரசின் சிறந்த நடிகை விருதும் பெற்றார். பதின்மூன்றில் சிற்றன்னையாகவும் பதினெட்டில் சிறுமியாகவும் நடிக்க நேர்ந்த இந்த முறைமாற்றத்தை வகுப்பில் நான் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றியதில்லை.

இது ஒருவருக்கு மட்டும் நிகழ்ந்ததாகவும் கொள்ள முடியாது. 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் குழந்தை நட்சத்திரமாக நடித்த மீனா, 1991இல் ‘என் ராசாவின் மனசிலே’யில் கதாநாயகியானபோது அவருக்கு 14 வயது, 1993இல் ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிகாந்துக்கு இணையாக நடித்தார். இருவரும் பெரும் புகழ் பெற்றார்கள், நெடுங்காலம் நிலைத்தார்கள். ஆகவே, இதைச் சொல்லும்போது ‘அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?’ என்ற கேள்வியே பதிலாக வருகிறது. நிலைத்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் குறை எதுவும் தெரியாதுதான். என் பதிவேட்டில் இருந்தவர்களுள் பெரும்பாலானோர் நிலைக்காதவர்கள்.

1976இல் இவற்றை நெறிப்படுத்தச் சட்டம் இல்லை. இப்போதுள்ள குழந்தைத் தொழிலாளர் சட்டமே 1986இல்தான் வந்தது. இன்று நிலைமை வேறு. அச்சட்டத்துக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 14 வயது நிறையாத குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதை முற்றிலும் தடைசெய்து, திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றில் நடிப்பதை ஒரு விதிவிலக்காக அனுமதித்தது. அந்த விதிவிலக்குக்கான நிபந்தனைகளை 2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. உங்களுக்குத் தெரியாததன்று, எனினும், இம்மடலை வாசிக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறாமல் குழந்தையை நடிக்கவைக்கக் கூடாது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. பள்ளிப்படிப்பு அறுந்துபோகாமலிருக்கத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். ஈட்டும் வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்யவைக்கக் கூடாது.

நல்ல விதிகள். யாரோ படப்பிடிப்புத் தளத்தைப் பார்த்துவிட்டு எழுதியவை என்று முதலில் வாசித்தபோது தோன்றியது. ஆனால், இவை அனைத்தும் ‘குழந்தை’க்கு உரியவை, குழந்தை என்பது 14 வயது நிறையாதவர். பதினான்காம் பிறந்தநாளுக்கு மறுநாள் அதே பெண் ‘வளரிளம் பருவத்தினர்’ ஆகிவிடுகிறாள். வளரிளம் பருவத்தினருக்கு வேலை நேர வரம்பு சட்டத்தில் உண்டு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம், இரவு ஏழு முதல் காலை எட்டு வரை வேலை கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. ஆட்சியரின் அனுமதியோ, பொறுப்பாளரோ, பள்ளிக்கான ஏற்பாடோ, வங்கி வைப்புத்தொகையோ அவளுக்கு இல்லை. அனுமதி என்ற படியே இல்லாதபோது அந்த ஆறு மணி நேரத்தை யார் எண்ணப்போகிறார்கள்? கட்டாயக் கல்விச் சட்டமும் அதே 14 வயதோடு நின்றுவிடுகிறது. இவ்வாறு எல்லாக் கதவுகளும் ஒரே நாளில் சாத்தப்படுகின்றன.

அதே நேரத்தில், வேறு சட்டங்கள் அவளைச் சிறுமியாகவே கருதுகின்றன. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 நிறையாத அனைவரும் குழந்தைகளே. ஒப்பந்தச் சட்டத்தின்படி அவள் மைனர். அவளுடைய கையெழுத்து செல்லாது. எனவே ஒப்பந்தத்தில் தந்தையோ தாயோ கையெழுத்திடுகிறார். பணமும் அவர்களிடமே சேர்கிறது. சம்பாதிக்க வயதுண்டு, சம்பாதித்ததைத் தன்னுடையது என்று சொல்ல வயதில்லை. நான்கு வயதில் வாங்கியதைக் காட்டிலும் பதினைந்து வயதில் வாங்கும் சம்பளம் பல மடங்கு பெரியது. ஆனால், பணம் பெரிதாகும் அந்தக் கட்டத்தில்தான் வைப்புத்தொகை விதி விலகிக்கொள்கிறது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. சார்லி சாப்ளினுடன் 1921இல் ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வயது வந்தபின் தன் சம்பாத்தியம் எங்கே என்று கேட்டபோது, பிள்ளையின் வருவாய் முழுவதும் பெற்றோருக்கே உரியது என்று அன்றைய கலிபோர்னியச் சட்டம் சொல்லிற்று. 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். ஈட்டியதில் சிறு பகுதியே அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் பிறந்தது. இன்று அங்கே ஒதுக்கிவைக்க வேண்டிய பங்கு 15 விழுக்காடு. நம்முடைய 20ஐவிடக் குறைவு. ஆனால் அது 18 வயது வரை பொருந்தும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு படத்தில் நடித்தாள். ஒரு நாள் தயாரிப்பு நிர்வாகி ஒருவர் பள்ளிக்கு வந்து, கையில் கோப்புடன் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே பொறுமையாகக் காத்திருந்தார். அரையாண்டுத் தேர்வு என்றைக்குத் தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய உறுதிமொழிக்காகத்தான் அவர் வந்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால் என்ன? யாரோ வந்தார்கள், கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் அதே பெண்ணுக்கு இன்னும் பெரிய வேடம் கிடைத்தது. வெளியூர்ப் படப்பிடிப்பு, நடனப் பயிற்சி, டப்பிங் என்று நாட்கள் கரைந்தன. இம்முறை பள்ளிக்கு எவரும் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. விடுப்புக் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பின்னர் அவையும் நின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் தனித்தேர்வராக எழுதினாள். அந்தப் படம் வெளிவரவேயில்லை.

அவளுடைய பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். மகளுக்குத் திறமை இருக்கிறது, வாய்ப்பு தேடி வருகிறது, இன்று விட்டால் நாளை வேறொரு பெண் கிடைத்துவிடுவாள் என்ற பதற்றத்தில் இருந்த எளிய மனிதர்கள் அவர்கள். அந்தத் தயாரிப்பாளரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் எந்த விதியையும் மீறியதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளிப்படிப்பைப் பொறுத்தவரை மீறுவதற்கு அங்கே விதி இருக்கவில்லை என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

‘இப்படியெல்லாம் கட்டுப்பாடு இருந்திருந்தால் மயில் கிடைத்திருப்பாளா?’ என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, நானே என்னிடம் கேட்டுக்கொண்டது. 18 வயதுக்குட்பட்டோர் கதாநாயகியாக நடிக்கவே கூடாது என்றிருந்தால் அந்த மயில் நமக்குக் கிடைத்திருக்கமாட்டாள். அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவேதான் தடை கேட்டு நான் எழுதவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே படமெடுத்திருந்தாலும், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர் பெயரில் வங்கிக்குப் போயிருந்தாலும், தளத்தில் அவருக்கென்று பொறுப்பான ஒருவர் நின்றிருந்தாலும் மயில் கிடைத்திருப்பாள். படப்பிடிப்பு சில நாட்கள் நீண்டிருக்கும், செலவு கூடியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் உண்மையான கேள்வி. இதுவரை அதைப் பிள்ளைகள் ஏற்றுவந்திருக்கிறார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. சட்டம் திருத்தப்படும்வரை காத்திராமல், 14 வயதுக்குட்பட்டோருக்கு நீங்கள் இன்று கடைப்பிடிக்கும் நிபந்தனைகளை 18 நிறையும்வரை தொடர்வது என்று உங்கள் சங்கங்கள் தாமாகவே முடிவெடுக்க வேண்டும். சம்பளம், கால்ஷீட் முதலியவற்றுக்கு நீங்கள் உங்களுக்குள் விதிமுறைகள் வகுத்துக்கொள்வது புதிதன்று. படப்பிடிப்பை நிறுத்துவதற்கே கூட்டாக முடிவெடுத்திருக்கிறீர்கள். இதற்கும் ஒரு தீர்மானம் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பது, சம்பளத்தின் ஐந்தில் ஒரு பங்கு வங்கியில் செலுத்தப்பட்டதற்கான ரசீதை ஒப்பந்தத்துடன் இணைப்பது, பெற்றோர் உடனிருந்தாலும் தயாரிப்பு நிறுவனத்தின் சார்பில் பொறுப்பாளர் ஒருவரை, பெண் நடிகை எனில் ஒரு பெண்ணை, நியமிப்பது ஆகியவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாலமுருகனாக நடிக்கும் குழந்தைக்குத் தேவைப்படாத ஒரு பாதுகாப்பு, 15 வயதில் காதலியாகவோ மனைவியாகவோ நடிக்கும் பெண்ணுக்குத் தேவைப்படுகிறது. எந்தக் காட்சியில் என்ன எடுக்கப்போகிறார்கள், உடன் நடிப்பவர் யார், உடை எத்தகையது என்பதைத் தளத்துக்கு வந்தபின் அல்லாமல் முன்கூட்டியே எழுத்தில் அவளுக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்தக் காரணத்துக்காக வாய்ப்பு பறிபோகாது என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். விளக்குகள் எரிய, நூறு பேர் காத்து நிற்க, ‘முடியாது’ என்று சொல்லும் துணிவைப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் எதிர்பார்க்க முடியாது. நாற்பது மாணவர் நிறைந்த வகுப்பில் எழுந்து நின்று ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவே அந்த வயதில் பெரும்பாலோர் தயங்குவார்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை உங்கள் வேலை எளிது. உங்கள் ஒப்பந்தப் படிவத்தில் அந்தப் பெண் படிக்கும் பள்ளியின் பெயருக்கும் வகுப்புக்கும் தேர்வு நாட்களுக்கும் மூன்று வரி இடம் ஒதுக்குங்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே பாட அட்டவணையும் தேர்வு நாட்காட்டியும் எங்கள் பள்ளிகளில் தயாராகிவிடும். ஏழாம் வகுப்புக்கு வந்த அந்த நிர்வாகியைப் போல ஒருவர் ஒன்பதாம் வகுப்புக்கும் வந்து கேட்டால், அலுவலகத்தில் ஒரு படி எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
சாலிகிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்